நினிவேயை வரைந்தவர் இலங்கைக்கு வரவேண்டியவர்

1839 யூலையில் இரண்டு ஆங்கிலேயர்கள் இலங்கைக்கு எண்டு வெளிக்கிட்டார்கள். அதுவும் கப்பலில் இல்லை, தரைவழியாக. ஒருவர் எட்வேர்ட் மிற்போர்ட். மற்றவர் ஒஸ்ரின் ஹென்றி லேயார்ட், வயது 22. லேயார்ட்டின் தகப்பன் இலங்கையில் அரச சேவையில் இருந்தவர். மகனும் இங்கே வந்து சட்டத்தொழில் பார்ப்பது எண்டுதான் திட்டம். 1840இல் பாரசீகத்தின் ஹமதானில் இருவரும் பிரிந்தார்கள். மிற்போர்ட் பயணத்தைத் தொடர்ந்து இலங்கைக்கு வந்து அரச சேவையில் சேர்ந்தார். லேயார்ட் வரவேயில்லை. 1845 நவம்பரில், இப்ப ஈராக்கில் இருக்கிற நிம்ரூட் மேட்டைத் தோண்டத் தொடங்கினார். அசீரிய அரசர்களின் மாளிகைகள் மண்ணுக்குள் இருந்து வெளியில் வந்தன.

அந்த மாளிகைச் சுவர்களின் கீழ்ப்பகுதி முழுக்கக் கற்பலகைகள். அதில் புடைப்புச் சிற்பங்கள்: சிங்க வேட்டை, கோட்டை முற்றுகை, கைதிகளின் வரிசை. நினிவேயில் சனகெரிபு அரசனின் மாளிகையில் மட்டும் 71 அறைகளை லேயார்ட் திறந்தார். அங்கிருந்த சிற்பப் பலகைகளை நிரையாக வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளம் வரும் எண்டு கணக்குச் சொன்னார்.

அதில் ஒரு அறை லாகீசு நகரத்தின் கதை. கி.மு. 701இல் அந்த நகரம் விழுந்தது. சிற்பத்தில் சனம் மூட்டை முடிச்சோடு வெளியேறுகிறது. மாட்டுவண்டியில் சாமான்களுக்கு மேலே பெண்களும் பிள்ளைகளும் குந்தியிருக்கிறார்கள். 1990இல் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இதைச் செதுக்குவித்தவன் வென்றவன். தோற்ற சனத்தின் வண்டியும் மூட்டையும் அவனுடைய பெருமைக்காகத்தான் அந்தக் கல்லில் ஏறின. ஆனாலும் இண்டைக்கு நாங்கள் பார்ப்பது அந்தச் சனத்தைத்தான்.

இனி வரைபடங்களுக்கு வருவம். அந்த மாளிகைகள் பழைய காலத்திலேயே எரிந்தவை. சூடுபட்ட கல் வெளிக்காற்றுப் பட உதிரத் தொடங்கும். அதனால் தோண்டின கையோடு வரையவேண்டும். முதல் அகழ்வில் லேயார்ட்டுக்கு ஓவியர் இல்லை, தானே இருந்து வரைந்தார். இரண்டாவது தடவை கூப்பர் எண்ட ஓவியர் வந்து, வருத்தம் பிடித்துத் திரும்பிப் போனார். பிறகு வந்த பெல் எண்ட இளைஞர் 1851இல் பவியான் பாறைச் சிற்பங்களுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் மூழ்கி இறந்தார். இந்தப் படங்களுக்குப் பின்னால் இப்படியான உயிர்களும் இருக்கு. கோர்சபாத்தில் பிரெஞ்சுக்காரர் தோண்டியபோது, 1844இல் ஓவியர் பிளாந்தின் வந்து வரைந்தார். அவர் வரைந்தவற்றில் பல கற்கள் பொடியாகிவிட்டன. இப்ப அவை அவருடைய தாளில் மட்டும்தான் இருக்கு.

1855 மே மாதம் இன்னொரு அழிவு. பிரெஞ்சுக்காரர் திரட்டிய இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளை ரைகிரிஸ் ஆற்றுவழியாகக் கொண்டுபோகும்போது, குர்னாவுக்குக் கிட்டக் கொள்ளையர் தாக்கி, பெரும்பகுதி ஆற்றுக்குள் போனது. மிஞ்சினது வரைபடங்களும் சில ஒளிப்படங்களும்.

கப்பல் உடைஞ்சால் சரக்கு யாருக்கு? எங்கட தீவகத்துக் கல் ஒன்றே இதைப் பேசுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிற, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத் தமிழ்க் கல்வெட்டு அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, மிச்சம் உரியவருக்கு. வணிகச் சரக்கு எண்டால் சரிபாதி. வெளிநாட்டார் வந்து இறங்கவேண்டிய இடம் ஊராத்துறை. அதாவது இந்த நாரந்தனை இருக்கிற தீவின் துறை, ஊர்காவற்றுறை. பேராசிரியர் கா. இந்திரபாலா போன்றவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்து வாசித்து வெளியிட்டதால்தான் ஊராத்துறையின் இந்தக் கதை எங்களுக்குத் தெரியும்.

தெரியாததையும் அப்படியே வரையவேண்டும் எண்டதற்குப் பாரசீகம் நல்ல உதாரணம். பேர்செபோலிஸில் அபதானா மண்டபப் படிக்கட்டில் 23 நாட்டுக் கூட்டங்கள் காணிக்கை கொண்டுவருகிற சிற்பம் இருக்கு. இந்தியக் கூட்டத்தில் வெறுங்காலோடு ஒருவர் காவடித்தடியில் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுச் சுமக்கிறார். 1765இல் அங்கே போன கார்ஸ்டன் நீபூர் அங்கிருந்த ஆப்பெழுத்தைப் பிரதி எடுத்தார். அவருக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. ஆனால் கீறலுக்குக் கீறல் பிசகாமல் எழுதினார். அதை வைத்துத்தான் 1802இல் குரோட்டபென்ட் அந்த எழுத்தின் முதல் முடிச்சை அவிழ்த்தார்.

வரைபடம் பொய்யும் சொல்லும். 1853இல் லேயார்ட்டின் நூலில் வந்த நிம்ரூட் மாளிகைகளின் வண்ணப்படம் கட்டடக்கலை ஆய்வாளர் பெர்கசனின் கற்பனையில் உருவானது. மேல்மாடிகளும் நிறங்களும் பார்க்க அழகு. ஆனால் தோண்டினவர் கண்டது அடிச்சுவர் மட்டும்தான். கண்டது எது, ஊகித்தது எது எண்டு பிரித்துக் காட்டாத படத்தை நம்பக்கூடாது.

2015இல் ஐ.எஸ். அமைப்பு நிம்ரூட் மாளிகையை வெடிவைத்துத் தகர்த்தது. அங்கேயே விடப்பட்டிருந்த சிற்பங்கள் தூளாகின. படியெடுத்தவை பதிவில் இருக்கு. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது படி எடுக்காமல் இருந்த ஏடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கேல்ல. இது எங்களுக்குப் புதுப் பாடம் இல்லைத்தானே.

எங்கட தீவில் கருங்கல் இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும்தான். உப்புக்காற்று அதை மெல்லமெல்லத் தின்னுது. கோயில் புதுப்பிக்கேக்க பழைய கல் சீமெந்துக்குள் போகுது, இல்லாட்டி எனாமல் பெயின்ற் ஏறுது. கையில் போன் இருக்கு, படம் எடுத்தால் போதாதோ எண்டு கேட்கலாம். எடுக்கத்தான் வேணும். ஆனால் தேய்ந்த எழுத்து நேர்வெளிச்சத்தில் படத்தில் விழாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற காலையிலோ மாலையிலோ, அளவுகோலோடு இருந்து வரைகிற கண்ணுக்குத்தான் அது பிடிபடும்.

கோயில் மதிலோ, தேவாலயக் கல்லறையோ, ஊருண்டிக் கோட்டைச் சுவரோ, உங்கட ஊரில் ஒரு கல்லைத் தெரிந்தெடுங்கோ. நீளம் அகலம் அளந்து, கண்டதை மட்டும் வரைந்து, இடமும் திகதியும் எழுதி வையுங்கோ. அழகாக வரத் தேவையில்லை, பிசகாமல் வந்தால் போதும். இண்டைக்கு எங்களுக்கு விளங்காத கீறலை நாளைக்கு ஒரு ஆள் வாசிப்பார்.