தனியொருவரின் வழக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வேலையிழந்து நம் சங்கப் படியேறும் இளைஞர் பலரும் முதலில் கேட்பது, "உள்ளதைச் சொன்னதற்கு வேலையை விட்டு நீக்கலாமா? பேச்சுரிமை நமக்கில்லையா?" என்பதே. அரசியலமைப்பின் 19-ஆம் விதி அரசை நோக்கியது. தனியார் முதலாளியை அது நேரே கட்டுப்படுத்துவதில்லை. ஆலைக்குள் வாய் திறந்தவனுக்குக் காப்பாக நின்றது தொழிற்சட்டமே.

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918 ஏப்ரலில். 1920-இல் ஆலை கதவடைத்தபோது, வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார் எனச் சங்கத் தலைவர் பி. பி. வாடியா முதலியோர்மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. மேடைப் பேச்சே குற்றமாயிற்று! இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவுபெற்ற சங்கங்களுக்கு 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் காப்பளித்தது.

ஆனால் சங்கத்தின் காப்பு எல்லார்க்கும் காப்பாகிவிடவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அக்காயத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1946-இல், நிலையாணைச் சட்டம் பிறந்தது. எது ஒழுங்கீனம் என்பதை முதலாளி எழுத்தில் வைக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் வந்தது. எனினும் ஒரு குறை. நீக்கப்பட்டவன் ஒருவனே எனில், சங்கமோ சக தொழிலாளர் கணிசமானோரோ அவன் வழக்கை ஏற்றால்தான் அது தொழில் தகராறு. சேரியிலிருந்து சென்ற ஒற்றை ஆளுக்காகக் கையுயர்த்த எத்தனை பேர் முன்வருவர்? 1965-இல் சேர்க்கப்பட்ட 2-ஏ பிரிவு இக்கதவைத் திறந்தது. சங்கம் துணை நில்லாவிடினும் தனியொருவரின் நீக்கமே தகராறு என்றது. 1971-இல் வந்த 11-ஏ பிரிவால், தண்டனை மிகையா என நீதிமன்றமே எடைபோட்டு மாற்ற இயன்றது. சமரசம் முறிந்தபின், அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தொழிலாளர் நீதிமன்றத்தை நேரே அணுகும் வழியைத் தமிழ்நாடு 1988-இலேயே தந்தது. மைய அரசு தந்தது 2010-இல். இது நம் மாநிலத்துக்குப் பெருமையே.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு இச்சட்டங்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. தனியொருவர் வழக்குரிமை அதிலும் உண்டு. காலவரம்பு மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறுகியது. நிலையாணை இப்போது 300 பேர் உள்ள ஆலைக்கே கட்டாயம். முன்பு அது 100. சிப்காட்டின் சிறு பட்டறைகள் இதற்குள் அடங்கா.

உருக்காலையொன்றில் கையுறை கேட்ட நம்மவர் ஒருவருக்கு நீக்க ஆணை ஏதும் தரப்படவில்லை. "நாளை வராதே" என்று வாயிலிலேயே சொல்லியனுப்பினர். அவர் அங்கு வேலை பார்த்தார் என்பதையே நிர்வாகம் மறுத்தது. ஈ.எஸ்.ஐ. அட்டையும் பதினான்கு மாதச் சம்பளச் சீட்டுகளும் அவர் மனைவியின் தகரப் பெட்டியில் இருந்தன. அவற்றோடுதான் தொழிலாளர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம்.