தயிர்ச்சட்டிக்குள் ஒரு சரித்திரம்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கலக்கும் நீர்முகத்தை அடுத்துள்ள ஊர் கிண்ணியா. எருமைத் தயிருக்கு அது பெயர்பெற்றது. 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும்வரை, மக்களும் பண்டங்களும் ‘பாதை’ எனப்பட்ட மிதவையிலேறி அந்நீரைக் கடப்பது வழக்கம். பாதைக்காகக் காத்திருக்க நேர்ந்த ஒவ்வொரு நாழிகையும் தயிர் வியாபாரிக்குக் கவலைதான். பாதை நின்றாலும் சட்டிக்குள் நடக்கும் வேலை நிற்பதில்லை. தயிர் புளித்துக்கொண்டே போகும்.

அவ்வேலை யாது? அதைச் செய்வது யார்? இவ்வினாக்களுக்கு விடைகாண விஞ்ஞான உலகுக்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1780இல் சுவீடனைச் சேர்ந்த இரசாயன அறிஞர் சீலே, புளித்த பாலிலிருந்து இலத்திக்கமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1857இல் பிரான்சு தேசத்துப் பாஸ்தர், பாலின் புளிப்பு உயிருள்ள நுண்ணங்கிகளின் செயலே என எடுத்துரைத்தார். 1897இல் ஜெர்மனியரான எடுவார்ட் புக்னர், ஈஸ்டைச் சிதைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். நொதிப்பிக்கும் ஆற்றல் உயிர்க்கலத்தினுள் இருக்கும் நொதியங்களுக்கு உரியது என்பது அதனாற் புலனாயிற்று. உயிர்க்கலங்கள் சக்தியை ஏந்திச் செல்லும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1930களில் எம்டன், மேயர்ஹோஃப், பார்னசு முதலியோரின் உழைப்பால் சர்க்கரை சிதையும் வழி படிப்படியாக விளங்கியது.

பற்றீரியா பாற்சர்க்கரையை உடைத்துப் பைருவிக்கமிலம் ஆக்குகிறது. அதற்கு வேண்டிய சக்தி அப்பொழுதே கிடைத்துவிடுகிறது. ஆனால், சர்க்கரையிலிருந்து நீங்கும் ஐதரசனை ஒரு துணைப்பொருள் ஏற்றுக்கொள்கிறது. அச்சுமையை அது இறக்கினாலன்றி மேலும் சர்க்கரையை உடைக்க இயலாது. ஆகவே, ஒரு நொதியம் அந்த ஐதரசனைப் பைருவிக்கமிலத்தின்மீதே ஏற்றிவிடுகிறது, பைருவிக்கமிலம் இலத்திக்கமிலமாகிறது. மனிதன் விரும்பிச் சுவைக்கும் புளிப்பு, பற்றீரியாவுக்குக் கழிவுப்பொருளே. அமிலம் பெருகப் பெருகப் பாற்புரதம் திரண்டு தயிராகிறது. அழுகச் செய்யும் கிருமிகள் பலவும் ஒடுங்குகின்றன.

அக்காவலும் நிலையானதன்று. மூடி விலகிய சட்டியில் விழும் பூஞ்சணம் அவ்வமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். புளிப்புக் குறையுமாயின், ஒடுங்கியிருந்த கிருமிகள் மீண்டும் தலையெடுக்கும்.

நொதியத்தின் பெயர் உலகில் வழங்குமுன்னரே, பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறையிட்டு, காய்ந்த சட்டியில் மூடிவைக்கும் ஒழுங்கை முன்னோர் கண்டிருந்தனர். அவ்வொழுங்கு இன்றும் பிழைக்கவில்லை. ஒரு நாளைய உறை கெட்டால் மறுநாட் சட்டிகள் யாவும் கெடும். தயிர்க்காரரின் முதல் எருமை மட்டுமன்று. நேற்றைய சட்டியில் எடுத்துவைத்த ஒரு கரண்டித் தயிரும் அவருக்கு முதலே.