கப்பல் துறையிலிருந்து விமான நிலையம் வரை



"சுங்கை சிப்புட்டிலிருந்து விமான நிலையத்திற்கு எப்படிச் செல்லலாம்?" என்று மாணவர்களிடம் ஆங்கிலத்தில் வினவினேன். 'பஸ், டாக்சி, டிரெயின்' என உடனே விடை வந்தது. "இவற்றுள் எது சிறந்தது? ஏன்?" என்றேன். வகுப்பே அமைதியானது. அவ்வமைதி நம் முன்னோரின் பயண வரலாற்றை எனக்கு நினைவூட்டியது.

அன்று ஊருக்குப் போவதென்றால் வழி ஒன்றுதான். ரயிலேறிப் பிறைக்குச் செல்ல வேண்டும், அங்கிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவு, பிறகு கப்பல். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, பினாங்கையும் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் இணைத்து, 1970களின் முற்பகுதி வரை ஓடியது. பள்ளிக்கூடமே காணாத தோட்டத்து மக்கள் 'டிக்கட்', 'ஸ்டேஷன்', 'பிளாட்பாரம்' என்னும் ஆங்கிலச் சொற்களைப் பயணத்திலேயே கற்றனர். பெயர்ச்சொற்களே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. தேர்ந்தெடுக்க வேறு வழி இல்லாதபோது ஒப்பிட்டுப் பேசவும் தேவையில்லை அன்றோ?

பின்னர் வழிகள் பெருகின. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீவிபத்துக்குள்ளானதோடு கப்பற்பயணக் காலம் முடிவுற்றது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திற்குச் சாலைவழி தந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1998-இல் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது; 2002-இல் அதற்கு விரைவு ரயில் வந்தது. 2015-இல் இ.டி.எஸ். மின்ரயில் ஈப்போவைத் தாண்டி வடக்கே நீண்டபின், நம் ஊர் நிலையத்திலேயே ஏறிக் கே.எல். சென்ட்ரல் வரை செல்லவும் வழி பிறந்தது.

வழிகள் பலவானபோது, பெயர்ச்சொற்கள் மட்டும் போதாமல் போயின. கே.எல். சென்ட்ரலில் 'எக்ஸ்பிரஸ்', 'டிரான்சிட்' என இருவகை ரயில்கள் உள்ளன. முன்னது இடையில் நில்லாமல் விமான நிலையம் சேரும். பின்னது வழியில் மூன்று நிலையங்களில் நிற்கும். 2014-இல் கே.எல்.ஐ.ஏ. 2 திறக்கப்பட்டபின், 'எந்த டெர்மினல்?' என்ற வினாவும் சேர்ந்துகொண்டது. டெர்மினல் மாறி இறங்கிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். மூட்டை முடிச்சுகளோடு பாட்டி நிற்க, அறிவிப்புப் பலகையைப் படித்து வழி கேட்டவன் அவருடைய பத்து வயதுப் பேரன்தான். அவ்விடத்தில் அக்குடும்பத்தின் நாவே அவன்.

ஆதலால் வாகனப் பெயர்ப்பட்டியலை மனனம் செய்விப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 'சீப்பர்', 'ஃபாஸ்டர்', 'டைரக்ட்', 'சேஞ்ச்', 'ஃபேர்', 'லக்கேஜ்' ஆகிய சொற்களையும் சேர்த்துக் கற்பிப்போம். "பாட்டிக்கு இரண்டு பெரிய பெட்டிகள், விமானம் காலை எட்டு மணிக்கு, எவ்வழி செல்வாய்?" எனக் கேட்போம். விடைக்குக் காரணமும் கூறச் சொல்வோம். பெற்றோர்களே, அடுத்த பயணத்தின்போது டிக்கட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, டெர்மினலைக் கண்டறியும் பொறுப்பையும் அவனிடமே ஒப்படையுங்கள்.

நம் பாட்டன்மார் பயணத்தில் சொல் கற்றனர். நம் பிள்ளைகள் சொல்லைக் கற்றுப் பயணம் புறப்படட்டும்.