பொதிகைக்கு அடியில் – 9: இறங்க இறங்கப் பெருகும் பிழை

சென்ற வாரம் ஜான் ஆலன் பிரௌனை அகத்தியர் மலை உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். ஆண்டு 1855. திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வான் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்த அந்த ஸ்காட்லாந்துக்காரர், காந்த ஊசிகளைக் காட்டுவழியே சுமக்கவைத்து மேலேற்றி, உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பியிருந்தார். கீழே கரையோரத்தில் ஊசி அசையும் அதே வேளையில், 6,000 அடி உயரத்தில் அது எப்படி அசைகிறது? இதுதான் அவருடைய கேள்வி. அந்த அளவுகள் நூலாக வெளிவர 1874 ஆயிற்று.

மேலே போனால் என்ன ஆகும் என்று பிரௌன் பார்த்தார். நம் கதைக்கு வேண்டியது கீழே போகும் வழி.

அந்த உச்சியிலிருந்து நேர் வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் பண்பொழி. திருமலைக் குமாரசாமி கோயில் குன்றில் நின்றால் மேற்கே மலைத்தொடர், கிழக்கே வயலும் குளமும் தென்னையும். இந்த வட்டாரத்தின் வழியே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது அச்சன்கோவில் ஷியர் மண்டலம். பூமியின் ஆழத்தில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன் பாறைகள் ஒன்றையொன்று உரசி, இழுபட்டு, நசுங்கிய பட்டை அது. வடக்கே மதுரைப் பாறைத்தொகுதி, தெற்கே திருவனந்தபுரம் பாறைத்தொகுதி. பட்டை எவ்வளவு ஆழம் போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அத்தனை ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்க்க முடியாது. தரையில் ஈர்ப்பையும் காந்தத்தையும் அளந்து, மீதி வழியைக் கணக்கால் இறங்கவேண்டும்.

ஈர்ப்புமானியோடு செங்கோட்டைச் சாலையில் நிற்பவர் தேடுவது சில மில்லிகால். ஒரு மில்லிகால் என்பது நம்மைக் கீழே இழுக்கும் ஈர்ப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நின்ற இடத்தின் உயரத்தை ஒரு மீட்டர் தவறாகக் குறித்தாலே ஐந்தில் ஒரு மில்லிகால் போய்விடும். பக்கத்து மலையும் சும்மா இராது. தன் பங்குக்கு மேல்நோக்கி இழுக்கும். அதையும் கணக்கிட்டுச் சரிக்கட்டவேண்டும். சரிக்கட்டியபின்னும் கொஞ்சம் பிழை மிஞ்சும்.

ஐந்தருவி சீறும் நாளில் தொலைவில் நின்று கேட்டால் ஒரே இரைச்சல்தான். அந்த இரைச்சலை வைத்து ஐந்து கிளைகளையும் தனித்தனியே பிரித்துச் சொல் என்றால்? தரையில் நிற்கும் கருவியிடம் நாம் கேட்பது அதைத்தான்.

எவ்வளவு கடினம் என்பதைக் கணிதம் துல்லியமாகச் சொல்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஈர்ப்பு அலை, ஒரு கிலோமீட்டர் மேலே போனதும் 535இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். பத்து கிலோமீட்டர் அலையோ பாதிக்குச் சற்று அதிகமாகவே மிஞ்சும். காந்தத்துக்கும் இதே விதிதான். ஒரு கிலோமீட்டர் கீழே இறங்க, அந்தக் குறுகிய அலையை 535ஆல் பெருக்கவேண்டும். அதில் உண்மை எது, உயரம் குறித்தவரின் கைப்பிழை எது என்று பெருக்கல் பார்ப்பதில்லை. நூறில் ஒரு மில்லிகால் பிழை, கீழே ஐந்து மில்லிகால் தாதுப் படுகையாக எழுந்து நிற்கும்!

அளவுகளை இன்னும் நெருக்கமாக எடுத்தால் சரியாகிவிடாதா? அங்கேதான் கொடுமை. நெருங்கினால் குறுகிய அலைகளும் கணக்குக்குள் வரும். அரைக் கிலோமீட்டர் அலைக்குப் பெருக்கம் 2,86,000 மடங்கைத் தாண்டும். உழைப்பு கூடக் கூட விடை கெடும்.

1902இல் பிரெஞ்சுக் கணித மேதை ஜாக் ஹதமார் இத்தகைய கணக்குகளுக்கு ஏறக்குறைய கதவையே சாத்தினார். விடை இருக்கவேண்டும், அது ஒன்றாகவே இருக்கவேண்டும், அளவு சிறிது மாறினால் விடையும் சிறிதே மாறவேண்டும். இந்த மூன்றும் பொருந்தாத கணக்கு இயற்கையைப் பற்றியதாக இராது என்பது அவர் எண்ணம். நம் கணக்கு இரண்டில் தோற்கிறது. ஒரே நிறையும் ஒரே மையமும் கொண்ட உருண்டை சிறிதானாலும் பெரிதானாலும் வெளியே ஈர்ப்பு ஒன்றே என்பது நியூட்டன் காலத்துச் செய்தி. மூன்றாவது நிபந்தனையின் கதியை மேலே பார்த்தோம்.

ஆனால் பாறை இருக்கிறதே! கணக்கு சரியில்லை என்பதற்காக அச்சன்கோவில் பட்டை இல்லாமல் போய்விடுமா?

1943. உலகப் போரின் நடுவே சோவியத் கணிதர் ஆந்திரேய் தீகனோவ் வெளியிட்ட சிறு கட்டுரை, சாத்திய கதவைத் திறந்தது. எல்லா விடைகளையும் தேடாதே, நியாயமான விடைகளின் வட்டத்துக்குள் மட்டும் தேடு, நிலைத்தன்மை திரும்பிவிடும் என்று அவர் நிறுவினார். 1963இல் அதைச் செய்முறையாகவே வடித்தார். அளவுகளோடு அச்சாகப் பொருந்தவேண்டும் என்ற பிடிவாதத்தை விடு. பொருத்தக் குறையையும் விடையின் கரடுமுரடையும் சேர்த்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறை. அளந்ததை ஓரளவுக்கு மேல் நம்பாதே என்று சொல்லக் கணிதத்துக்கே ஒரு துணிச்சல் வேண்டும். இந்தத் தொடர் முழுவதிலும் என்னை மிகவும் ஈர்த்த இடம் இது.

கரடுமுரடுக்கு எவ்வளவு தண்டனை? அதைச் சொல்வது ஓர் எண், ஆல்ஃபா. அது பூஜ்யத்தை நெருங்கினால் 535 மடங்குப் பேய் திரும்பிவரும். பெரிதானால் அச்சன்கோவில் பட்டையே வழவழப்பான மேடாகிக் கரைந்துபோகும். ஒரே அளவுகளை இருவரிடம் கொடுத்தால், இரண்டு ஆல்ஃபாவில் இரண்டு வெவ்வேறு பாதாளங்கள் பண்பொழிக்கு அடியில் கிடைக்கும்.

அந்த எண்ணை யார் சொல்வது? 1966இல் விளாதிமிர் மொரோசோவ் அதற்கு ஒரு விடையோடு வந்தார். அத்தனை பேரும் கழித்தெறியப் பார்த்த பிழையையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அந்தச் சாட்சி என்ன சொன்னது?

(தொடரும்)