கிணற்றுக்குள் ஊதிய காற்று

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆம்ப்ளர் என்றொரு சிற்றூர். அங்கே சன் ஆயில் நிறுவனத்தின் பெட்ரோல் குழாய் கசிந்து, பாறை இடுக்குகளில் ஓடிய நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. முடிந்த மட்டும் இறைத்தார்கள். மிதந்த பெட்ரோல் வந்தது; பாறையிலும் மண்ணிலும் ஒட்டியது வரவில்லை. ஒட்டியதை மோட்டார் வைத்து உறிஞ்ச முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருடக்கணக்கில் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

சன் ஆயிலின் நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் ரேமண்ட் இதைக் கையில் எடுத்தார். எண்ணெய் தின்னும் பாக்டீரியா உண்டென்பது அப்போது புதுச் செய்தி அல்ல. கிளாட் சோபெல் 1946-லேயே விரிவாக எழுதியிருந்தார். மண்ணுக்குள் அவை ஏற்கெனவே இருக்கின்றன, தீனியும் குவிந்து கிடக்கிறது, பிறகு ஏன் தின்னவில்லை? புதிர் அங்கேதான்.

1 கிராம் பெட்ரோலை முழுதாகச் சிதைக்க 3 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். காற்றுபட்ட நீரில்கூட லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுதான் கரைந்திருக்கும். ஆக, அந்த ஒரு கிராமுக்கே 300 லிட்டருக்கு மேல் நீரின் ஆக்சிஜன் காலி. போதாததற்கு, பெட்ரோலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பேருக்குத்தான்.

1972-ல் ஆம்ப்ளரில் கிணறுகளுக்குள் காற்றை ஊதினார்கள். அமோனியம் சல்பேட்டும் பாஸ்பேட் உப்புகளும் கரைத்து விட்டார்கள். ஒரு கிணற்றில் இறைக்க இறைக்க, சத்துநீர் பெட்ரோல் படிந்த பாறை வழியே இழுபட்டு வந்தது. அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள் பெருகித் தின்னத் தொடங்கின. வயலுக்கு உரமிடுகிற வேலைதான். பயிர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. 1974-ல் ரேமண்டின் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நிலத்தைத் தோண்டாமல் நுண்ணுயிரால் தூய்மை செய்யும் தொழில் தொடங்கியது இங்கிருந்துதான்.

பெயரென்னவோ வேறொருவருக்குப் போனது. அதே 1972-ல், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ஆனந்த சக்கரவர்த்தி, எண்ணெய் தின்பதற்கென்றே தான் உருவாக்கிய சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கேட்டார். 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயிருக்கே காப்புரிமையா என்று உலகம் பேசியது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் 1989-ல் எக்சான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரையில் ஒதுங்கியபோது, கூழாங்கற்கள்மேல் தெளித்தது தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த உரம். தின்றவை அந்தக் கரையின் பாக்டீரியாக்கள்.

இன்றும் பெட்ரோல் பங்க் தொட்டி கசிந்த இடத்தில், கிணற்று நீரை எடுத்ததும் அளந்து பார்ப்பவற்றில் ஒன்று, அதில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பது.