முழங்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே

மேச்சேரிப் பக்கம் ‘டவுசர் போட்ட பையன்’ என்றால் இன்றும் சின்னப்பையன் என்றுதான் பொருள். ‘டவுசர் கிழிஞ்சு போச்சு’ என்றால் மானம் போனது என்று பொருள். ஓர் ஆணின் வயதையும் மானத்தையும் முழங்காலுக்கு மேலே நிற்கும் ஒரு துணியை வைத்தே பேசிவிடுகிறோம். அந்தத் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை ஆண்களின் வரலாறாக மட்டும் படித்தால் பாதி விட்டுப்போகும்.

டவுசர் நம் ஊரில் பிறந்ததல்ல. கோவணமும் வேட்டியும் துண்டும் இருந்த இடத்துக்கு அது காலனி ஆட்சியின் காக்கியோடு வந்தது. போலீஸ்காரர் அதைப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பையனும் போட்டான். வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர் என்பது பல பத்தாண்டுகள் அரசுப் பள்ளியின் அடையாளமாகவே இருந்தது. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கும்போது, ‘வளர்ற பையன், கொஞ்சம் லூசா வைங்க’ என்பார்கள். அடிமடிப்பில் துணி விட்டுத் தைத்து, அடுத்த வருஷம் பிரித்து இறக்குவார்கள். பின்பக்கம் தேய்ந்து கிழிந்தால் அதற்குப் பெயர் ‘தபால்பெட்டி’. மடிப்பைப் பிரித்ததும், தபால்பெட்டிக்கு ஒட்டுப் போட்டதும், ஆற்றங்கரையில் அடித்துத் துவைத்ததும் பெரும்பாலும் பெண் கைகள்தான்.

பையனின் வயதைக் கால்சட்டையின் நீளத்தால் அளப்பது ஐரோப்பியப் பழக்கம். அங்கே நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஐந்தாறு வயது வரை பையனும் பெண்ணும் ஒன்றுபோல கவுன்தான் அணிந்தார்கள். அதன் பிறகே அவனுக்குக் கால்சட்டை. 1846இல் இங்கிலாந்தின் குட்டி இளவரசரை மாலுமி உடையில் நிற்கவைத்து வின்டர்ஹால்டர் ஓர் ஓவியம் தீட்டினார். அந்த உடை மெல்ல ஐரோப்பா முழுக்கப் பரவியது. போர்க்கப்பல்களைக் கட்டிக் குவித்த இரண்டாம் வில்லியம் மன்னரின் ஜெர்மனியில் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல உடை. ஸ்டுட்கார்ட்டின் பிளைலே நிறுவனம் பின்னலாடையில் அதைச் செய்து பெயர் பெற்றது. பெண்பிள்ளைக்கும் மாலுமிச் சட்டை உண்டு, ஆனால் கீழே பாவாடை. பையன் முழங்கால் தெரியத் திரிந்து, பதினான்கு வயதை ஒட்டி தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடக்கும் நாளில் முதல் முழுக்கால் சூட்டைப் போட்டான். 1933க்குப் பிறகு ஹிட்லர் இளைஞர் அமைப்பு அதே அரைக்கால் சட்டையை அணிவகுப்பின் சீருடை ஆக்கிக்கொண்டது.

ஜெர்மன் பையனுக்கு ஒரு சடங்கு இருந்தது. நம் ஊரில் டவுசரிலிருந்து பேண்டுக்கோ வேட்டிக்கோ மாறியவனுக்குப் பந்தல் போட்டவர் இல்லை. ஒன்பதாவதோ பத்தாவதோ போகும்போது சத்தமில்லாமல் மாறிக்கொண்டான். சடங்கெல்லாம் பெண்ணுக்குத்தான். பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு அவள் மாறியதை ஊரே அறிந்தது. மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, அவள் உடம்பில் நடந்த ஒன்றை உறவுக்கெல்லாம் சொன்னார்கள். இந்த வேறுபாடு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. அரைஞாண் கயிறோடு ஆண்குழந்தை தெருவில் ஓடலாம். அதே வயதுப் பெண்குழந்தைக்கு வசதியுள்ள வீடுகளில் வெள்ளியில் அரைமூடி செய்து கட்டினார்கள். அவன் உடை அவன் வளர்ந்ததைச் சொன்னது. அவள் உடையோ மற்றவர்கள் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொன்னது.

ஆனால் ‘ஆண்’ என்று பொதுவாகச் சொல்லி இங்கே தப்பிக்க முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டையோ கோட்டோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பவை அவற்றில் சில. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆதிக்க சாதிப் பையனுக்கு முழங்கால் என்பது சில ஆண்டுகளில் தாண்டிவிடும் எல்லை. தலித் ஆணுக்கு அது சாகும்வரை தாண்டக்கூடாத எல்லை. அவனை என்றைக்கும் ‘பையன்’ ஆகவே நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. ஒரே சாதி ஒழுங்கு தன் வீட்டுப் பெண்ணை மூடச் சொன்னது, தலித் பெண்ணைத் திறக்கச் சொன்னது. ஊர்தோறும் அம்பேத்கர் சிலை கோட்டும் முழுக்கால் சட்டையுமாக நிற்பதன் பொருள் இந்தப் பின்னணியில்தான் முழுதாகப் புரியும்.

இந்த எல்லைகளுக்கு நடுவே அரசுச் சீருடை வந்தது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை 1980களில் தொடங்கியது. 2012-13இல் ஆண்டுக்கு நான்கு செட் என்று ஆனது. அதையொட்டி நடுநிலை வகுப்புகளில் பையனுக்கு டவுசர் போய் பேண்ட் வந்தது, பெண்ணுக்குப் பாவாடை போய் சுடிதார் வந்தது. இரண்டுமே நல்ல மாற்றங்கள். சைக்கிள் மிதிக்கும் பெண்ணுக்குச் சுடிதாரின் அருமை தெரியும். ஆனாலும் பையனுக்கு அது பெரியவன் ஆன பெருமை, பெண்ணுக்கு உடம்பை மறைக்கும் பத்திரம். உயர்வகுப்புப் பெண்களுக்குச் சுடிதாருக்கு மேல் ஒரு கோட்டும் சேர்ந்தது. சேலத்து வெயிலில் அந்தக் கூடுதல் துணி யாருடைய பார்வைக்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சீருடைகளை யார் செய்கிறார்கள்? துணியைக் கூட்டுறவுச் சங்கத் தறிகள் நெய்கின்றன. வெட்டிய துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் வாங்கிப்போய், வீட்டு மெஷினில் தைத்து, உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் அரசு தரும் இலவசத் தையல் மெஷின் திட்டம், தலித் தலைவரும் அமைச்சருமாக இருந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரில் இருப்பது பொருத்தமானதே. பையனின் முதல் பேண்டை, வீட்டு ஆணின் வருமானம் இல்லாத ஒருத்தி அடுப்பு வேலைக்கு நடுவே தைத்திருக்கலாம்.

2018இல் கேரளத்தின் வளயன்சிறங்கர அரசுத் தொடக்கப் பள்ளி, பையன்களுக்கும் பெண்களுக்கும் முழங்கால்வரை வரும் ஒரே கால்சட்டையைச் சீருடை ஆக்கியது. 2021இல் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி பேண்டுக்கும் சட்டைக்கும் மாறியபோது எதிர்ப்புக் கிளம்பியது. நம் பையன்கள் கழற்றிப்போட அவசரப்பட்ட அதே டவுசர், அங்கே சிறுமிகளுக்கு ஓடவும் குதிக்கவும் கிடைத்த உடை. முழங்கால் தெரிந்தால் அது வெறும் முழங்கால்தான் என்ற சலுகை இத்தனை காலமும் சின்னப்பையனுக்கு மட்டுமே இருந்தது. அதைச் சின்னப்பெண்ணுக்கும் கொடுக்க ஆகும் செலவு இரண்டு சாண் துணிகூட இல்லை.