முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்

புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டி எலும்புக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவிவிட்ட புற்றுநோய். இடுப்பு வலியை வயதுக் கோளாறென்று தைலம் தேய்த்தே காலம் கடத்துவதால், பலருக்கு இந்த நிலையில்தான் நோய் தெரியவருகிறது. தாமல் வட்டாரத்தினருக்கு அருகிலுள்ள அரசு மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969இல் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை.

இந்நோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன். அதைக் குறைத்தால் நோய் அடங்கும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார். அதைச் சுரக்கும் விரைகளை அறுவையால் அகற்றுவது ஒரே தடவைச் செலவு. லியூப்ரோலைடு போன்ற ஊசியோ மாதக்கணக்கில் தொடர வேண்டியது. பலன் ஏறத்தாழ ஒன்றே. மனம் ஊசியைக் கேட்கும், கைப்பணம் அறுவையைச் சொல்லும்.

2015 முதல் வந்த ஆய்வுகள், தொடக்கத்திலேயே டோசிடாக்சல் அல்லது அபிராடிரோன் மருந்தையும் சேர்த்தால் ஆயுள் கூடுவதைக் காட்டின. அபிராடிரோன் 250 மி.கி. மாத்திரை நான்கை வெறும் வயிற்றில் விழுங்குவது வழக்கம். உணவோடு ஒன்றே எடுத்தாலும், இரத்தத்தில் இந்நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. புரதத்தின் அளவு அதேபோல் இறங்கியதை 2018இல் வெளியான சிறு ஆய்வு ஒன்று தெரிவித்தது. செலவு கால்பங்காகும் இந்த வழி, மருத்துவர் சொன்னால் மட்டுமே.

அடங்கிய நோய் பெரும்பாலும் மறுபடி தலைதூக்கும்; பி.எஸ்.ஏ. ஏறுவது முதல் அறிகுறி. திடீரெனக் கால் வலுவிழந்தால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று அன்றே பார்த்தாக வேண்டும்.